படபடப்புக்கு எந்த டாக்டர்கிட்ட போறது?

வேலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு விசித்திரமான கஷ்டம் இருக்கு. கல்கத்தா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம்னு எங்கெங்கேர்ந்தோ ரயில் ஏறி காட்பாடில வந்து எறங்கி வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு போறாங்க, காந்தி ரோட்டு பக்கம் லாட்ஜ் போர்டு பெங்காலில இருக்கும், மெடிக்கல் ஷாப் பையன் இந்தில வெளுத்து வாங்குவான். பக்கத்துலயே இருக்கற நமக்கு என்னன்னா, உடம்புக்கு ஏதாவதுன்னா "வேலூர் போயிடு"ன்னு ஊரே சொல்லும், வேலூர் போய் எந்த டாக்டர, எந்த டிபார்ட்மென்ட்டுலன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கால் ஒடைஞ்சா எலும்பு டாக்டர், கண்ணு மங்கலானா கண் டாக்டர், அதெல்லாம் சரி. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு வாங்குது, ராத்திரி ஆனா காலு குடையுது, தூக்கம் இல்ல, காரணமே இல்லாம அழுகையா வருது, புள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன், திடீர்னு செத்துப்போயிடுவோமோன்னு பயம் வருது. இது எல்லாம் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்துல வந்தா எந்த போர்டு பாத்து உள்ள போறது?

எனக்கு 43 வயசு, குடியாத்தத்துல வீட்டுல வச்சு ஜாக்கெட், சுடிதார் தைக்கறேன். எனக்கு வந்தத எழுதறேன், யாருக்காவது உதவும்.

மொதல்ல வந்தது வைகாசி ஒண்ணாந்தேதி, கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னைக்கு. எங்க ஊருக்காரங்களுக்கு அந்த கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும், சொல்லவே வேணாம். வெயில் வேற. சிரசு வர்ற நேரத்துல கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு இருக்கேன், திடீர்னு நெஞ்சு குதிக்குது, கை ரெண்டும் மரத்துப்போச்சு, காது அடைச்சுக்கிச்சு, அவ்ளோதான் கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஓரமா உக்கார வச்சு சோடா குடுத்தாங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. வெயிலுன்னு விட்டுட்டோம். அப்புறம் வீட்டுக்குள்ள சும்மா உக்காந்திருக்கும்போதே வர ஆரம்பிச்சுது.

பக்கத்து டாக்டர் கேஸ்னு சொன்னாரு, காலைல வெறும் வயித்துல போடற மாத்திரை எழுதிக் குடுத்தாரு, நானும் மாசக்கணக்கா போட்டேன் (இந்த மாத்திரைய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது). நிக்கலன்னதும் ஹார்ட் டாக்டர். இசிஜி எடுத்தாங்க, எக்கோ எடுத்தாங்க, எல்லாம் நார்மல். "ஹார்ட்டு நல்லா இருக்கும்மா, டென்ஷன் ஆகாதீங்க." டென்ஷன் ஆகாதன்னு சொன்னா ஆகாம இருக்கறதுக்கு அது என்ன சுவிட்சா. கால் குடைச்சலுக்கு நரம்பு டாக்டர், அங்க நரம்புக்கு கரண்ட் டெஸ்ட் எடுத்தாங்க, அதுவும் நார்மல், பி12 ஊசி போட்டு அனுப்புனாங்க. ஒவ்வொரு தடவையும் நார்மல் நார்மல்னு வர வர வீட்டுல என்ன பேச்சுன்னா, அவளுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா நெனச்சுக்கறான்னு. இங்க ஒரு விஷயம் எல்லாரும் புரிஞ்சுக்கணும், எக்கோ நார்மல்னா அந்த ஹார்ட்டோட அமைப்பும் அது ரத்தத்த பம்ப் பண்ற பலமும் சரியா இருக்குன்னு அர்த்தம், ஆளே நார்மல்னு அர்த்தம் கெடையாது. அந்த டாக்டருங்க பொய் சொல்லல. அவங்ககிட்ட கேட்ட கேள்விக்கு அவங்க பதில் சொன்னாங்க. கேள்விய எடுத்துக்கிட்டு போனது நாம, "எனக்கு ஹார்ட் ப்ராப்ளமா"ன்னு.

அப்புறம் என் தங்கச்சிதான், அவ நர்ஸ், மனநல டாக்டர்கிட்ட போலாம்க்கான்னா. எங்க பக்கம் பாகாயம்னு சொன்னாலே ஒரு மாதிரி பாப்பாங்க, அதே பாகாயத்துல தான் மெடிக்கல் காலேஜும் இருக்கு, சாட் ஆஸ்பத்திரியும் இருக்கு, ஆனா நம்ம ஜனங்களுக்கு பாகாயம்னா அந்த மனநல ஆஸ்பத்திரி மட்டும்தான் ஞாபகம் வரும். அங்க கூட குடும்பத்து ஆளுங்க நோயாளியோடயே தங்கி பாத்துக்கற முறை ரொம்ப வருஷமா இருக்கு, பூட்டி வைக்கற எடம்னு நெனச்சு பயந்தவங்க போய் பாத்தா தெரியும். நான் போனது வேற ஒரு தனி கிளினிக். அந்த டாக்டர் பொறுமையா கேட்டாரு, சிரசு அன்னைக்கு வந்தது பேனிக் அட்டாக், பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போயி அப்புறம் தானா எறங்கிடும், அதனால சாவு வராதுன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கே பாதி பாரம் எறங்குன மாதிரி இருந்துது. மாத்திரை எழுதுனாரு, வேலை செய்ய ரெண்டு மூணு வாரமாவது ஆகும்னாரு, சொன்ன மாதிரியே பயம் கொறைஞ்சுது. ஆனா காலு? முன்னவிட மோசம். ராத்திரி பத்து மணிக்கு படுத்தா காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி, எழுந்து நடந்தா நிக்கும், படுத்தா திரும்ப வரும். மொட்டை மாடில ராத்திரி நடந்துக்கிட்டே இருப்பேன், எதிர் வீட்டுக்காரங்க பேய் புடிச்சிருக்குன்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டது என் காதுக்கே வந்துது.

எங்க அத்தைக்கும் அதே சந்தேகம். சோளிங்கருக்கு போலாம்னாங்க. எங்க ஜில்லா ஆளுங்களுக்கு தெரியும், மனசு சரியில்லாதவங்கள, காத்து கருப்புன்னு சொல்றவங்கள எல்லாம் அங்க கூட்டிட்டு போயி குளத்துல குளிக்க வச்சு ஆஞ்சநேயரையும் நரசிம்மரையும் சேவிப்பாங்க, வழிவழியா வர்ற நம்பிக்கை. நான் மறுக்கல, எனக்கும் பக்தி உண்டு. பெரிய மலை 1305 படி, ரோப் கார் இருக்கு, ஆனா நேர்ந்துக்கிட்டது படியில ஏறணும்னுதான்னு அத்தை ஒத்தக்கால்ல நின்னாங்க. ஏறுனோம். அத்தைக்கு எழுபதுக்கு கிட்ட வயசு, அவங்க கோவிந்தா கோவிந்தான்னு முன்னாடி போயிட்டே இருக்காங்க, நான் நாலு படி ஏறி உக்கார்றேன், நாலு படி ஏறி உக்கார்றேன், உதடெல்லாம் வெளுத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரரு அதிகம் பேச மாட்டாரு. அன்னைக்கு பாதி மலைல உக்காந்து தண்ணி பாட்டில குடுத்துட்டு ஒண்ணு கேட்டாரு, "மனசுல பிரச்னைன்னா படி ஏறும்போது மட்டும் ஏன் உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

இத்தன டாக்டரு கேக்காத கேள்வி. எக்கோ எடுக்கும்போது நான் படுத்துக்கிட்டுதான இருந்தேன்.

அப்புறம் போனது ஜெனரல் மெடிசின் டாக்டர், ஒரு வயசான அம்மா. பழைய ரிப்போர்ட் ஃபைல நீட்டுனேன், "அது இருக்கட்டும், நீ சொல்லு"ன்னு ஓரமா வச்சிட்டாங்க. கண்ண கீழ இழுத்து பாத்தாங்க, நகத்த பாத்தாங்க, நாக்க நீட்டச் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "பீரியட்ஸ் எப்படி போவுது, ஒரு நாளைக்கு எத்தன பேட், கட்டி கட்டியா போவுதா?" போவுது, ரெண்டு வருஷமாவே அப்படித்தான், இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்னு எங்க அம்மா சொல்லி இருந்தாங்க, ஹார்ட் டாக்டர்கிட்டயும் மனநல டாக்டர்கிட்டயும் போயி அத எப்படி சொல்லுவேன், சொல்லணும்னே தோணல. அடுத்து கேட்டதுதான் எனக்கு தூக்கிவாரிப் போட்டுது, "பச்சரிசி, சாம்பல், ஐஸ் இந்த மாதிரி ஏதாவது திங்கணும்னு தோணுதா?" மெஷின் பக்கத்துலயே ஒரு டப்பால பச்சரிசி வச்சுக்கிட்டு நாள் பூரா மென்னுக்கிட்டே தைப்பேன், என் பொண்ணு கூட கிண்டல் பண்ணுவா. இந்தம்மாவுக்கு எப்படி தெரிஞ்சுது!

ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 7.6. பொம்பளைங்களுக்கு 12க்கு மேல இருக்கணும். ஃபெரிட்டின்னு ஒண்ணு, உடம்புல இரும்புச்சத்து எவ்ளோ சேத்து வச்சிருக்கோம்னு காட்டறது, அது 5, 15க்கு கீழ போனாலே காலின்னுதான் கணக்கு. தைராய்டும் சுகரும் சரியா இருந்துது. படி ஏறுனா மூச்சு வாங்கறது, நெஞ்சு அடிச்சுக்கறது, சோர்வு, எரிச்சல், பச்சரிசி, எல்லாத்துக்கும் இரும்புச்சத்து கொறைவு காரணமா இருக்கலாம், ராத்திரி கால் குடைச்சல் கூட அதனால வரும்னாங்க. அதுவும் நான் பயத்துக்கு போட்ட வகை மாத்திரை சில பேருக்கு அந்த கால் குடைச்சல கூட்டி விடுமாம், அதான் அது போட்டதும் மோசமாச்சு. அந்த கேஸ் மாத்திரை இருக்கே, ரொம்ப நாள் போட்டா சாப்பாட்டுலேர்ந்து இரும்பு ஏறறத கொறைக்குமாம். ஆக ஒரு டாக்டர் மாத்திரை இன்னொரு வியாதிய வளத்துக்கிட்டு இருந்துருக்கு, யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா மூணு பேருக்கும் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான், எனக்கு அது தெரியாது. இதுல நான் ஏதோ அபூர்வமான கேஸும் இல்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டு பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னுதான் இருக்கு. அவ்ளோ சாதாரணமான ஒண்ணு.

அந்தம்மா இன்னொரு வேலை குடுத்தாங்க, எனக்கு தெரிஞ்சு எல்லா டெஸ்ட்டவிடவும் உபயோகமானது அதுதான். ஒரு நோட்டுல தினமும் எழுதணும். என்ன தொந்தரவு, எத்தன மணிக்கு, அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன், தூக்கம், பீரியட்ஸ் தேதி, போட்ட மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. தையல் கணக்கு நோட்டு பின்பக்கத்துலயே எழுதுனேன். மூச்சு வாங்கறது எல்லா நாளும் இருந்துது, தண்ணி கொடம் தூக்குனா, மாடி ஏறுனா. கால் குடைச்சல் ராத்திரி மட்டும். ஆனா அந்த சாவு பயம், கை மரத்துப்போறது, அது பூரா திங்கக்கெழம ராத்திரியும் செவ்வாக்கெழமையும். செவ்வாக்கெழம என்னன்னா குழு லோன் கட்டற நாள். ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க தலையில விழும், பத்து பொம்பளைங்க முன்னாடி உக்காந்து கணக்கு சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனில வேலை கொறைஞ்சதுலேர்ந்து அந்த நாளுன்னாலே வயித்த பெசையும். எழுதற வரைக்கும் எனக்கே இது தெரியாது, எல்லாம் ஒரே மூட்டையா "படபடப்பு"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நோட்ட பாத்துட்டு அந்தம்மா சொன்னாங்க, "உனக்கு ஒரு வியாதி இல்லம்மா, ரெண்டு. ரெண்டுக்கும் வைத்தியம் வேணும்."

இதுக்கப்புறம்தான் வேடிக்கை. ரத்தசோகைன்னு ரிப்போர்ட் வந்ததும் வீட்டுல ஒரே சந்தோஷம். பாத்தியா, மனசுல ஒண்ணும் இல்ல, ரத்தம்தான் கம்மி, இனிமே அந்த மனநல டாக்டர்கிட்ட போவ வேணாம், அந்த மாத்திரைய தூக்கிப் போடுன்னு அத்தை, நாத்தனார், எல்லாரும். ரத்தசோகைன்னா தெருவுல தைரியமா சொல்லலாம், பேரீச்சம்பழம் வாங்கிட்டு வந்து பாப்பாங்க. மொதல்ல உடம்புல ஒண்ணும் இல்ல எல்லாம் மனசுதான்னாங்க, இப்ப மனசுல ஒண்ணும் இல்ல எல்லாம் ஒடம்புதான்னாங்க. ரெண்டும் ஒரே மாதிரி அவசரம்தான். நான் நிறுத்தல, அந்த மாத்திரைய திடீர்னு நிறுத்துனா தலைசுத்தல், எரிச்சல்னு வேற தொந்தரவு வரும்னு ஏற்கனவே சொல்லி இருந்தாங்க. மெடிசின் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கிக்கிட்டு மனநல டாக்டர்கிட்டயே போனேன். கோச்சுக்குவாரோன்னு பயம். அவரு லெட்டர படிச்சிட்டு "இது நல்லதாப்போச்சு"ன்னாரு, டோஸ கொறைச்சாரு, கூடவே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட பேச அனுப்புனாரு. மகப்பேறு டாக்டர் ஸ்கேன்ல கர்ப்பப்பைல நார்க்கட்டி இருக்குன்னாங்க, அதுக்கு தனி வைத்தியம், அது இங்க வேணாம்.

இரும்பு ஏற ஏற மூச்சு வாங்கறது போச்சு, கால் அடங்குச்சு, பச்சரிசி டப்பாவ பாத்தா இப்ப ஒண்ணும் தோணறதில்ல. ஆனா செவ்வாக்கெழம பயம் அப்படியேதான் இருந்துது! அதுக்கு சைக்காலஜிஸ்ட்கிட்ட பேசுனதுதான் வேலை செஞ்சுது, வரும்போது ஓடாம உக்காந்து அது ஏறி எறங்கறத பாக்க பழக்குனாங்க, லோன பத்தி வீட்டுக்காரர்கிட்ட மறைக்காம பேச வச்சாங்க. வெறும் இரும்பு மாத்திரையோட நின்னிருந்தா இது நடந்தே இருக்காது.

இப்ப யாராவது கேட்டா நான் சொல்றது இதுதான். ஒண்ணுக்கு மேல தொந்தரவு, உடம்பும் மனசும் கலந்து இருக்குன்னா மொதல்ல ஜெனரல் மெடிசின் இல்லன்னா ஃபேமிலி மெடிசின் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரில பதியும்போது எந்த டிபார்ட்மென்ட்னு கேட்டா இத சொல்லுங்க, நீங்களே ஹார்ட்டா நரம்பான்னு முடிவு பண்ணாதீங்க. அளவெடுக்காம துணிய வெட்டற கதைதான் அது. அடுக்கம்பாறை மாதிரி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மெடிசினும் மனநலமும் ரெண்டுமே ஒரே வளாகத்துல இருக்கும், காசு இல்லன்னு தள்ளிப்போட வேணாம். வாங்க வேண்டிய டெஸ்ட்டும் பெருசா ஒண்ணும் இல்ல, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிஎஸ்எச்சுன்னு சொல்ற தைராய்டு, சுகர், பி12, டாக்டர் எது தேவைன்னு சொல்வாங்க. ஆயிரக்கணக்குல வாங்கற பேக்கேஜ் செக்கப்புல சில சமயம் ஃபெரிட்டின் இருக்காது, பாத்துக்கோங்க. முடிக்கு பயோட்டின் மாத்திரை போடறவங்க தைராய்டு டெஸ்ட்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அது ரிசல்ட்ட மாத்திக் காட்டும். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போடறவங்களுக்கு பி12 கொறையலாம், அதுவும் மறதி, கால் எரிச்சல், மனச்சோர்வுன்னு வரும்.

மனநல டாக்டரும் எம்பிபிஎஸ் படிச்சிட்டு மேல எம்டி படிச்சவங்கதான், ரத்த டெஸ்ட் எழுதுவாங்க, மாத்திரை எழுதுவாங்க. சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டாங்க, பேச்சு வைத்தியம், ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கான்னு கேளுங்க. நரம்பு டாக்டர்னா டிஎம் நியூராலஜி. "நரம்புத் தளர்ச்சி"ன்னு செவுத்துல எழுதி போன் நம்பர் போட்டிருக்கறவன்கிட்ட தயவுசெஞ்சு போவாதீங்க. தூக்கத்துக்கும் படபடப்புக்கும்னு மெடிக்கல்ல நீங்களே கேட்டு மாத்திரை வாங்காதீங்க, அல்ப்ரசோலம் மாதிரி மாத்திரை பழகிடும், விடறது கஷ்டம்.

டாக்டர் ரூமுக்குள்ள கொஞ்ச நேரம் தனியா பேசணும்னு கேளுங்க, அத்தை பக்கத்துல உக்காந்திருந்தா லோன் கதையும் வராது, பீரியட்ஸ் கதையும் வராது. போட்ட எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க.

ஆனா நெஞ்ச அமுக்கற மாதிரி வலி, வேர்வை, வலி கைக்கோ தாடைக்கோ பரவுது, மயக்கம், ஒரு பக்கம் கை கால் வெலவெலத்துப்போறது, வாய் கோணறது, இதுக்கெல்லாம் நோட்டும் வேணாம் யோசனையும் வேணாம், 108 கூப்புட்டு எமர்ஜென்சிக்கு போங்க. போன தடவை பேனிக்குன்னு சொன்னாங்களேன்னு வீட்டுல உக்காந்துடாதீங்க. சாகணும்னு நெனப்பு வந்தாலும் அதுவும் எமர்ஜென்சிதான், ஆள் கூட இல்லன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

இரும்பு மாத்திரை போடறவங்களுக்கு ஒண்ணு. டீ, பால், கால்சியம் மாத்திரை கூட சேத்து போடாதீங்க, ஏறாது. வெளிய கருப்பா போவும், பயப்படாதீங்க. எனக்கு ஹீமோகுளோபின் 12 வந்ததும் நிறுத்திடலாமான்னு கேட்டேன், இருப்பு சேரணும், இன்னும் மூணு மாசம் போடுன்னாங்க. மனநல டாக்டர்கிட்டயும் நல்லாயிட்டேனே நிறுத்தலாமான்னு அதே கேள்வி கேட்டேன், நல்லானப்புறமும் ஆறு மாசத்துக்கு கொறையாம போடணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறக்கலாம்னாரு. இப்ப எறக்கிக்கிட்டு இருக்கேன்.